ஒரு துப்பாக்கிக்கு மூன்று பெயர்

நான் துப்பாக்கிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். முப்பத்தொன்பது வயதுக்காரி, டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகக் கவரைப்பேட்டையில் ஏறுகிறவள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் துப்பாக்கி செய்யப் போகிறாள் என்றால் யாருக்குத்தான் திகைப்பாக இருக்காது. அவர்கள் முழிப்பதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவேன். கோயில் திருவிழாவில் பலகையில் பலூன் கட்டிச் சுடச் சொல்வார்களே, அந்தக் காற்றுத் துப்பாக்கி. லைசென்ஸ் வேண்டாம், வெடிமருந்து கிடையாது, உள்ளே ஒரு ஸ்பிரிங்தான். கேட்டதும் நகர்ந்தவர்கள் திரும்ப ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள்.

சிப்காட்டில் எங்களுடையது சின்ன யூனிட். இருபது சொச்சம் பேர். டிப்ளமோ படித்தவள் என்பதால் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. என் அம்மா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் நாற்காலி போட்டு வேலை கொடுத்தது எனக்குத்தான் முதலில். ஆனால் எனக்கு உட்காரத்தான் வராது. நின்றுகொண்டே சாப்பிடுவேன். ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடச் சொன்னால் கால் ஆடும். "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ" என்பார் என் வீட்டுக்காரர், ரோலிங் மில் ஷிப்டு முடிந்து வந்து பாயில் நீட்டிப் படுத்தபடி. கோபமும் எனக்கு அப்படித்தான், சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆத்திரப்பட்டு அடுத்தவரைத் திட்டியதும் நான்தான், தப்புச் செய்ததும் நான்தான்.

போன வருடம் வைகாசி வெயிலில் முதலாளி என்னை ஏசி அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் எங்கள் புது மாடல் கிடந்தது. பழையதைவிடத் தோளில் வைக்கும் கட்டை கறுப்பாக, ஸ்பிரிங் தடிமனாக இருக்கும்.

"இதுக்கு ஒரு பேரு வையும்மா" என்றார்.

"பேரு இருக்குதே சார். நாற்பத்தஞ்சு பி மூணு."

"அது டிராயிங் நம்பர். நம்பரைச் சொல்லி எவன் வாங்குவான்? வடக்க இருக்கிற டீலர்லாம் கெத்தா ஒரு பேரு கேக்குறான். நீ படிச்சவ. ரெண்டு நாள்ல சொல்லு."

டிப்ளமோவில் பெயர் வைக்கவெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் எனக்கு உள்ளூரக் குஷிதான். நான் பார்த்து அனுப்பிய துப்பாக்கிகள் எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கின்றன. ஒன்றிலும் என் கைபட்டதற்கு அடையாளம் கிடையாது. பெயராவது என்னுடையதாக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

இரண்டு நாளும் ரயிலிலும் வீட்டிலும் செல்போனை வைத்துக்கொண்டு, நிஜத் துப்பாக்கி செய்கிறவர்கள் எப்படித்தான் பெயர் வைக்கிறார்கள் என்று தேடினேன். படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. எம் என்ற எழுத்துப் போட்டு நம்பர் போடுகிறார்களே, அந்த எம்முக்குப் பின்னால் ஏதோ பெரிய ரகசியம் இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மாடல் என்பதன் முதலெழுத்தாம். உலகமே நடுங்குகிற ஒரு ரஷ்யத் துப்பாக்கியின் பெயரில் இருப்பது, அது என்ன வகை, செய்தவர் யார் என்பதற்கு ஒவ்வோர் எழுத்து, அப்புறம் ஒரு வருடம். ஐரோப்பாவில் ஒருவர் தன் கைத்துப்பாக்கிக்குப் பதினேழு என்று வைத்திருக்கிறார். பதினேழு குண்டு பிடிக்கும், அதனால்தான் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அது அவருடைய பதினேழாவது காப்புரிமை, அதனால்தான் என்று மீதிப் பேர் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் குழலின் அகலத்தையே பெயராக வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள்.

நம்பர் பிடிக்காதவர்கள் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருக்கிறார்கள். ஓர் அமெரிக்கக் கம்பெனி வரிசையாகப் பாம்புகளாகவே வைத்திருந்தது. மலைப்பாம்பு, நாகம், ராஜநாகம். எல்லாவற்றையும்விட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது நூறு வருடத்துக்கும் முந்தைய ஒரு துப்பாக்கி. அதன் பெயர் சமாதானம் பண்ணுகிறவன். அந்த வார்த்தையை நான் சபையில் பாஸ்டர் வாயால் கேட்டு வளர்ந்தவள். அதை ஒரு துப்பாக்கியின்மேல் ஒட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

தேடிய வரைக்கும் ஒன்றுக்குக்கூட அது செய்கிற வேலை பெயராக இல்லை. தையல் மிஷின் என்றால் தைக்கிறது. இட்லிப் பானை என்றால் இட்லி வேகிறது. துப்பாக்கிக்கு மட்டும் வருடம், அகலம், பாம்பு, சமாதானம் என்று எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வந்ததில் ஒருநாள் கும்மிடிப்பூண்டியில் இறங்காமல் விட்டு, ஆரம்பாக்கம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

முதலாளியிடம் முதலில் "உள்ளான்" என்றேன். பழவேற்காடு ஏரிக்கு வருகிற சின்னப் பறவை, அது பறக்கிற வேகத்துக்குக் கண் நிற்காது.

"அது இன்னா, மீனா?"

"பறவை சார்."

"திங்கிற பறவையா?"

"சில பேரு திம்பாங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே போகத் திரும்பியவள் கோபத்திலேயே "அப்போ ராஜாளின்னு வச்சிக்குங்க" என்றேன். அது அவருக்குப் பிடித்துப்போனது. ஒரே வாரத்தில் கறுப்பில் தங்க எழுத்தாக ராஜாளி என்று இங்கிலீஷில் ஸ்டிக்கர் அடித்து வந்துவிட்டது. அந்த ஸ்டிக்கரில் ஒன்றை என் டிபன் டப்பாவின் மூடியில் ஒட்டிக்கொண்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இதற்கு நடுவில் அந்தத் துப்பாக்கிக்கு இன்னொரு பெயரும் விழுந்திருந்தது. எங்கள் ஷாப்பில் எந்த மாடலையும் யாரும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதன் முதல் தொகுதி, எங்கள் பேச்சில் முதல் லாட், முடிகிற அன்றைக்கு என்ன நடந்ததோ அதுதான் அதற்குப் பெயர். அசெம்பிளியில் இருக்கிற அக்கா ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வருகிறவர், முதலாளிக்கு அடுத்தபடியாக இங்கே பழைய ஆள். ஒரு மாடலுக்கு வெள்ளம் என்று பெயர், ஷாப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று அதை முடித்தோம். ஒன்றுக்கு ரெண்டாவது ஊசி, கொரோனா ஊசி போட்டுக்கொண்டு பாதிப் பேர் காய்ச்சலோடு வேலை செய்த நாள் அது. "நம்பரை எவ ஞாபகம் வச்சிக்கினு இருப்பா? ஊசின்னு சொல்லு, தோள் இன்னமும் வலிக்குது எனக்கு" என்பார் அக்கா.

புது மாடலின் முதல் லாட் முடிந்த நாளில் பேக்கிங்கில் இருந்த பெண்ணுக்கு மதிய இடைவேளையில் சீமந்தம் வைத்தோம். புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று ஆளுக்கொரு தூக்கு. அன்றைக்கு எல்லார் கையிலும் கண்ணாடி வளையல். ஸ்பிரிங் போடும்போதும் கட்டையைத் துடைக்கும்போதும் ஷாப் முழுக்க அந்தச் சத்தம்தான். ஆகவே அந்தத் துப்பாக்கி சீமந்தம் ஆனது. ஆபீஸில் நாற்பத்தைந்து பி மூன்று, கடைக்கு ராஜாளி, எங்களுக்குச் சீமந்தம். ஜாப் கார்டில்கூட நான் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தோஷம் வரும். பதினேழு என்று வைத்த ஐரோப்பாக்காரரைவிட நாங்கள் மேல் என்றுகூட எனக்கு ஓர் எண்ணம்.

ஆனி கடைசியில் வந்த லாட்டில் கொக்கி சரியில்லை. இந்தத் துப்பாக்கியைக் குழலைப் பிடித்துக் கீழே மடக்க வேண்டும். மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும், அழுந்திய ஸ்பிரிங்கை ஒரு சின்னக் கொக்கி பிடித்து நிறுத்தும். குழல் திறந்திருக்கும் அந்த நேரத்தில்தான் விரல் நுனியால் ஈய ரவையை உள்ளே அழுத்த வேண்டும். கொக்கி நழுவினால் குழல் படாரென்று மேலே வந்து மூடிக்கொள்ளும். நடுவில் விரல் இருந்தால் விரல் போய்விடும். அதனால் ஒவ்வொரு துப்பாக்கியையும் மடக்கி, குழலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டையின் அடியை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். அதுதான் என் வேலையிலேயே முக்கியமான வேலை. அந்த லாட்டில் பதினான்கு துப்பாக்கிகள் தட்டியதும் நழுவின. கொக்கியின் இரும்பு உலையில் சரியாகப் பதப்படவில்லை.

பதினான்கையும் தனி ரேக்கில் வைத்தேன். சிவப்புக் கார்டை எடுத்து "சீமந்தம் — தொடாதே" என்று தமிழில் பெரிதாக எழுதினேன். சணல் கைக்கு அகப்படவில்லை. பேக்கிங் மேஜை டிராயரில் பூ கட்டி வந்த மஞ்சள் நூல் கிடந்தது, அதைக்கொண்டு கார்டை ரேக்கில் கட்டித் தொங்கவிட்டேன். அவை இன்னும் ஸ்டிக்கர் ஒட்டாத துப்பாக்கிகள். புதுக் கொக்கி பதமாகி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரம் ஆடிக்கு ஆர்டர் நெருக்கியது. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம், பலூன் கடைக்காரர்களுக்கு அதுதான் சீசன். செவ்வாய்க்கிழமை சென்னை டீலருக்கு அறுபது துப்பாக்கி போனது. நான் அன்றைக்கு லீவு, என் மகளுக்குப் பள்ளிக்கூட மீட்டிங்.

அடுத்த திங்கட்கிழமை பதமான கொக்கிகள் செய்தித்தாளில் பொட்டலமாக வந்தன. எடுத்துக்கொண்டு ரேக்குக்குப் போனேன். ரேக் காலி. கார்டு மட்டும் மஞ்சள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பெட்டி கட்டுகிற இடத்துக்கு ஓடினேன்.

ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டி கட்டியவர் ஒடிசாக்காரர். காண்டிராக்டர் மூலம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் வயதுதான் இருக்கும், ஊரில் இரண்டு குழந்தைகள், அதிர்ந்து பேசாத மனிதர். அவர்மேல் பாய்ந்தேன். கார்டு தொங்குகிறதே, கண்ணு தெரியாதா, யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று மொத்த ஷாப்பும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், கார்டு பார்த்தேன். தமிழ் படிக்கத் தெரியாது. மஞ்சள் நூல், பூஜைக்குக் கட்டினதுன்னு நெனச்சேன். சார் நாற்பத்தஞ்சு பி மூணு எல்லாம் பெட்டி கட்டுன்னு சொன்னாரு. கார்டுல நம்பர் இல்லே. நம்பர் இருந்தா நான் தொட மாட்டேன்."

கார்டை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியதுதான். அதில் இலக்கம் என்று ஒன்றுகூட இல்லை. கட்டையின் அடியில் எல்லாத் துப்பாக்கியிலும் அடித்திருக்கிற நம்பர், ஒடிசாவிலிருந்து வந்தவரும் படிக்கிற நம்பர், நான் எழுதாமல் விட்ட நம்பர். துப்பாக்கிக்காரர்கள் ஏன் பெயரை விட்டுவிட்டு நம்பரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து கேலி செய்தேனே, அதற்குப் பதில் அந்தக் கார்டில் இருந்தது. சீமந்தம் என்பது சோறு கொண்டுவந்தவர்களுக்குத்தான் புரியும். அந்தச் சோற்றைச் சாப்பிட்டாலும் அவருக்கு அது என்னவென்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

முதலாளி காண்டிராக்டருக்குப் போன் போட்டு இந்த ஆளை மாற்றிவிடு என்று ஆரம்பித்துவிட்டார். நான் கார்டை அவர் மேஜையில் வைத்தேன்.

"அவரு மேல தப்பு இல்ல சார். நான் எழுதினது. நம்பர் போடல."

"சரி வுடு. டீலர்கிட்ட போன்ல சொல்லிரலாம்."

"போன்ல சொன்னா அறுபதுல எந்தப் பதினாலுன்னு அவருக்கு எப்படி சார் தெரியும்? தட்டிப் பாத்தாதான் தெரியும். நான் போறேன்."

அன்றைக்கே கம்பெனி வேனில் டீலரின் குடோனுக்குப் போனேன். நாற்பத்தொன்று மிச்சம் இருந்தது. கோணிச் சாக்கை விரித்துப் போட்டு, ஒவ்வொன்றையும் பெட்டியிலிருந்து எடுத்து மடக்கி, தட்டி, திரும்ப வைத்தேன். குடோன் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒன்பது நழுவின. அவற்றின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு நம்பரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன். உள்ளங்கை கன்றிப்போனது. மீதி ஐந்து விற்றுவிட்ட பத்தொன்பதில் இருந்தன. யார் யாருக்கு விற்றது என்று டீலரிடம் கேட்டால் அவர் ஊரைச் சொன்னார், ஆளைச் சொல்லத் தெரியவில்லை. பலூன் கடைக்காரர்கள் இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர்.

அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் சரியாகத் தூங்கவில்லை. வேலை முடிந்ததும் ஒரு புதுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள், எங்கே தீமிதி என்று விசாரித்து விசாரித்துப் போனேன். பஸ், ஷேர் ஆட்டோ, மறுபடி பஸ். பலூன் பலகை கண்ணில் பட்டதும் ஓட்டமாகப் போவேன். முதலில் பார்ப்பது துப்பாக்கியை இல்லை, கடைக்காரரின் விரல்களை. பத்தும் இருந்தால்தான் வாயைத் திறப்பேன். கம்பெனியிலிருந்து வருகிறேன், ஒரு தடவை தட்டிப் பார்த்துத் தருகிறேன் என்று கெஞ்சுவேன். சிலர் விரட்டினார்கள். ஒருவர் சுட்டுப் பார்க்க டப்பு கொடு என்று கேட்டார், காசைக் கொடுத்தேன். நழுவுகிறதை அவர்கள் கண்ணெதிரே காட்டி, கையிலிருக்கும் நல்லதைக் கொடுத்துவிட்டு, கெட்டதைச் சாக்கில் சுற்றிக்கொள்வேன். சனிக்கிழமைக்குள் நான்கு கிடைத்தன. என் வீட்டுக்காரர், "கம்பெனி உன்னுதா இன்னா? இவ்ளோ பேஜாரு உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவரும் பாவம், வாரம் முழுக்கப் பழைய சோறுதான். நான் செருப்பை மாட்டினேன்.

ஐந்தாவது ஊத்துக்கோட்டைப் பக்கம் என்று ஒரு பலூன் கடைக்காரர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறிப் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு கிராமத்துக்குப் போனேன். அம்மன் கோயிலுக்கு எதிரே நெல் அறுத்த நிலத்தில் கடைகள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் பலகை. ஸ்டூலில் என் வயதுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பழைய துப்பாக்கி ஒன்றை முன்னால் வைத்திருந்தாள். சுட வந்த இரண்டு பேரிடம், "நீங்களே மடக்கிக்குங்க நைனா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு மடக்க வரவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

வழக்கம்போல விரல்களைப் பார்த்தேன். வலது கையில் கட்டு. ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய நீளத்துக்கு இல்லை.

நான் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் எழுந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஸ்டூலுக்கு அடியிலிருந்து துணி சுற்றிய துப்பாக்கியை இடது கையால் இழுத்து என் பக்கம் தள்ளினாள்.

"எப்ப ஆச்சு?" என்று கேட்டேன்.

"போன ஞாயித்துக்கெழம. ரவ வக்க சொல்ல மூடிக்கிச்சு. நுனி நஞ்சிபோச்சு, ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க."

போன ஞாயிறு. நான் காலி ரேக்கைப் பார்த்தது அதற்கு மறுநாள். அந்த வாரம் நான் ஏறிய பஸ், இறங்கிய ஊர், தட்டிய துப்பாக்கி எதுவும் இவளுக்கு உதவியிருக்கப்போவதில்லை. ஓடிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அறுத்த நெல்தாள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் துணியை விலக்கி ஸ்டிக்கரைக் காட்டினாள்.

"இது இன்னா எழுதிக்கீது?"

"ராஜாளி."

"யாரு வச்ச பேரு?"

"நான்தான்."

"நல்ல பேரு" என்றாள். குரலில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி பழுது என்று எனக்கு முன்பே தெரியும், தனியாக எடுத்து வைத்தேன், கார்டு கட்டினேன், கார்டில் நம்பர் போடாமல் சீமந்தம் என்று எழுதினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"சீமந்தமா? துப்பாக்கிக்கா?"

"ஆமா."

"கெட்டதுன்னு தெரிஞ்சுதான இருந்துச்சு உனுக்கு."

"தெரியும்."

கம்பெனியில் சொல்லி ஏதாவது செய்யச் சொல்கிறேன் என்றேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாக்கைப் பிரித்துப் புதுத் துப்பாக்கியை எடுத்தேன். அவள் எதிரிலேயே பத்துத் தடவை மடக்கித் தட்டிக் காட்டினேன். இது நழுவாது, என் கையால் பார்த்தது, தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

வாங்கினாள். இடது கையால் குழலைப் பிடித்தாள். மடக்கப் பார்த்தாள். பாதி வரை வந்ததும் விட்டுவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் பாதியில் விட்டாள். பலமில்லாமல் இல்லை. குழல் திறந்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. துப்பாக்கியைத் திரும்ப என் மடியில் வைத்தாள்.

அதற்குள் கூழ் குடித்துவிட்டு ஒரு கூட்டம் வந்தது. மஞ்சள் புடவைக் குடும்பம் ஒன்று, நாலைந்து பேர், எல்லாருக்கும் சுட வேண்டுமாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து துப்பாக்கியை மடக்கி, ரவையை அழுத்தி, மூடிக் கொடுத்தேன். சுட்டார்கள். பலூன் வெடித்தது. அவள் துப்பாக்கியை வாங்கி என்னிடம் நீட்டினாள், மறுபடி மடக்கிக் கொடுத்தேன். ஒருமுறை ரவையை அழுத்தும்போது என் விரல் நுனி திறந்த குழலில் இருப்பதைப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டம் விடவில்லை. ஒருவர் போக ஒருவர் வந்தார்கள். அவள் இடது கையும் பல்லுமாகப் பலூன் ஊதிக் கட்டினாள், பேச்சுக் கொடுத்தாள், பக்கத்துக் கடைக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். என் பக்கம் திரும்பாமலே துப்பாக்கியை மட்டும் நீட்டினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கால் கொஞ்சமும் ஆடவில்லை. சாயங்காலம் கோயிலில் தீபாராதனை மணி அடித்தபோது, கடைசி ஷேர் ஆட்டோ கிளம்புகிறது என்று யாரோ கத்தினார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு சாக்கை எடுத்தேன். அவள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆடி முடிய இன்னும் மூணு வாரம் கீது. நாளைக்கு யாரு மடக்குவா?" என்று கேட்டாள்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் சாக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.